எங்கள் மெஸ்ஸிலிருந்து ஜெர்மனிக்கு ஒருத்தி

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்தால் அவர்கள் பரீட்சையையும் நீதான் எழுதுவாய் என்று முதலில் சொன்னவள் என் மூத்த மகள். கள்ளக்குறிச்சியில் ஜெர்மன் வகுப்புக்குக் கீழே நான் மெஸ் தொடங்கிய அன்றைக்கே சொன்னாள். அப்படித்தான் ஆயிற்று. நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் மாடியில் ரிசல்ட் வருகிற நாளில் என் சாம்பாரில்தான் உப்பு இரண்டு தடவை விழும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புரியும்.

தலைகீழ் ஊர்

பவித்ரா கல்வராயன் மலைப் பெண். விவசாயப் படிப்பு முடித்தவள். அப்பா காளியப்பனுக்கு மரவள்ளி பிடுங்கும் கூலி வேலை. மகளைச் சேர்க்க வந்தவருக்கு மாடியில் விளக்கினார்களாம்: ஜெர்மனியில் அரசாங்கக் கல்லூரிகள் பலவற்றில் ஃபீஸ் கிடையாது. ஆனால் தங்கிச் சாப்பிட ஒரு வருஷத்துக்கு வேண்டிய பணத்தை முன்னாலேயே காட்ட வேண்டும், அதற்கு அரசாங்க உதவித்தொகை கேட்கலாம்.

கீழே வந்து இலை முன்னால் உட்கார்ந்தவர், விரல் விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு சொன்னார்: "நம்ப ஊரு இஸ்கூல்ல சோறு ஓசி, மேல படிக்கத்தான் காசு. அங்க படிப்பு ஓசி, சோத்துக்குக் காசு. இன்னாம்மா, எல்லாம் தலைகீழா இருக்குது!"

ரசமும் ஜெபமும்

ரசம் வேண்டுமானால் ஜெர்மனில்தான் கேட்க வேண்டும் என்று வகுப்புப் பெண்களே சட்டம் போட்டார்கள். பவித்ராவுக்குக் கூச்சம். மோரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே காலம் தள்ளினாள். ஒருநாள் தலை நிமிர்ந்து முழுசாக ஒரு வாக்கியம் சொன்னாள். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை, ஆனால் மற்ற பெண்கள் கை தட்டினார்கள். நான் ரசத்தை இலை தாண்டி ஓடும்படி ஊற்றிவிட்டேன்.

சென்னையில் பரீட்சை. புளிச்சோறு கட்டிக் கொடுத்து, அவள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினேன். உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றதும் போன் பண்ணினாள்: "அம்மா, நீங்க தமிழ்ல ஜெபம் பண்ணிட்டீங்க, பரீட்சை ஜெர்மன்ல. ஆண்டவரு மாத்திச் சொல்லிடுவாரு இல்ல?"

சொன்னார். பாஸானாள்.

போலீஸ் கேட்ட கேள்வி

அடுத்தது பாஸ்போர்ட். அது இல்லாமல் கல்லூரிக்கு விண்ணப்பமே போட முடியாது. கடைசித் தேதியோ நெருங்கிவிட்டது. காளியப்பனுக்குக் கண் திருஷ்டிப் பயம். நல்ல காரியம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று சொந்தக்காரர் வாயையெல்லாம் கட்டிவைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து விசாரிக்க மலைக்கு வந்தார் போலீஸ்காரர். "வெளிநாடு போற பொண்ணு வூடு எது?" கடைக்காரர், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்றார். காளியப்பனே எதிரில் வந்து, "எம்பொண்ணா? அது எங்கயும் போகலீங்க சார்" என்றார்.

போலீஸ்காரர் பவித்ராவுக்குப் போன் பண்ணி, "உங்கப்பாவே இல்லன்றாரு, நான் இன்னான்னு எழுதறது?" என்று கேட்டதும் அவள் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். அப்பாவைக் கூப்பிட்டால் மலையில் டவர் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஜெபம். காளியப்பனைக் கையோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே நாலைந்து ஊர்க்காரர்கள் வேறு வேலையாக நின்றுகொண்டிருந்தார்கள். காளியப்பன் அவர்களைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "போவுதா, போகலையா? எல்லார் எதிர்லயும் சொல்லுய்யா" என்றார் போலீஸ்காரர்.

பவித்ரா மெதுவாக, "சொல்லு நைனா" என்றாள்.

காளியப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போவுது சார்! எம்பொண்ணு ஜெர்மனிக்குப் படிக்கப் போவுது! யாரு கண்ணு வேணும்னாலும் படட்டும்!"

பாஸ்போர்ட் வந்தது, கல்லூரியில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. நாளைக் காலை அவள் கிளம்புகிறாள். காளியப்பன் வழியனுப்ப மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனத்தைக் கூட்டிவந்து என் மெஸ்ஸில் உட்கார வைத்திருக்கிறார். அத்தனை பேரிடமும் ஒரே பேச்சு: "எம்பொண்ணு ஜெர்மன்லயே ரசம் கேக்கும், தெரியுமா?"

ஆகவே உங்கள் வீட்டுப் பெண் படிக்கப் போகிறாள் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லிவையுங்கள். கண் பட்டால் கழிக்க காளியப்பனிடம் உப்பு மிளகாயும் என்னிடம் ஜெபமும் இருக்கின்றன.