வேற யாரோடயோ பால் வாடை

எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள். என் மூக்கை மட்டும் சந்தேகப்படாதீர்கள். பதினாறு வருடமாக அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

நான் ஏசி மெக்கானிக். 'ஏசியைப் போட்டால் நாற்றம்' என்று புகார் வந்தால் எங்கள் முதலாளி வேறு யாரையும் அனுப்ப மாட்டார். "மூக்கைக் கூப்பிடு" என்பார். அதுதான் என் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அழுக்குச் சாக்ஸ் மாதிரி வீசினால் உள்ளே பூஞ்சை. அழுகல் வாடை என்றால் பல்லியோ எலியோ செத்துக் கிடக்கிறது. கருகல் என்றால் வயர். கழிவறை வாடை என்றால், எந்தப் புண்ணியவானோ தண்ணீர்க் குழாயைச் சாக்கடையில் கொண்டுபோய்ச் சொருகியிருக்கிறான். இந்த நான்கையும் தாண்டி ஐந்தாவதாக ஒன்றை நான் முகர்ந்தது ஒரே ஒரு முறை. அதுவும் பட்டப்பகலில்.

கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படியுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் அங்கே நின்றேன்.

மதியம் 2.10 மணி. மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்த கணவர் சட்டை மடிப்புக் கலையாத ஆசாமி. ஹாலில் ஒரு பெட்டி கட்டித் தயாராக இருந்தது. சோபாவில் அவருடைய அக்கா கைப்பேசியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மூக்கு சார். நீங்கதான் தீர்ப்பு சொல்லணும்" என்று சிரித்தார் கணவர். "பெட்ரூம் ஏசியில வாடை வருதுன்னு ஒரு மாசமா இவ தூங்கறதும் இல்ல, எங்களைத் தூங்க விடறதும் இல்ல. எனக்கு வரல, எங்க அக்காவுக்கு வரல. இவளுக்கு மட்டும் வருது. வாடை இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தா நான் தப்புன்னு ஒத்துக்கறேன். இல்லன்னா, மனசு சரியாகற வரைக்கும் இவ அவங்க அம்மா வீட்ல இருக்கட்டும். குழந்தை இங்க இருக்கும்."

மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தோளில் நான்கு மாதக் குழந்தை. பெட்டி யாருடையது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"எலி செத்த வாடையாம்மா?"

"இல்லண்ணா. பால் வாடை."

அக்கா தலையைத் தூக்காமலே சொன்னார். "பால் குடிக்கிற குழந்தை இருக்கற ரூம்ல பின்ன பன்னீர் வாடையா வரும்?"

அவள் என்னையே பார்த்தாள். "என் பால் வாடை எனக்குத் தெரியாதாண்ணா? இது வேற யாரோடதோ."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எப்போது வரும் என்று கேட்டேன். குழந்தை தொட்டிலில் தனியாக இருந்தால்தான் வரும் என்றாள். கணவர் குழந்தையை அவள் தோளிலிருந்து எடுத்துப் போய்ப் படுக்கையறைத் தொட்டிலில் போட்டார். கதவைச் சாத்திவிட்டு நான் வேலையில் இறங்கினேன்.

2.25. ஏசியைப் போட்டேன். வடிகட்டியைக் கழற்றி முகர்ந்தேன். சுத்தம். உள்ளே டார்ச் அடித்தேன். பூஞ்சை இல்லை. தண்ணீர்த் தட்டில் பாசி இல்லை. குழாய் பால்கனியில் ஒரு வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு வாடையில் ஒன்றுகூட இல்லை.

2.47.

வந்தது.

லேசாகப் புளித்த பால். கூடவே ஈரத்துணி. வியர்வை. பால் கட்டிய ஒரு பெண்ணின் ரவிக்கை வாடை. கொஞ்சம்கூடச் சந்தேகமில்லை.

தொழில்முறைப்படி நான் செய்ததைச் சொல்கிறேன். வாடை மெஷினுடையதா, அறையினுடையதா என்று பார்க்க ஏசியை அணைப்போம். மெஷினுடையது என்றால் சற்று நேரத்தில் குறையும்.

அணைத்தேன்.

குறையவில்லை. கூடியது.

குனிந்து தரையை முகர்ந்தேன். இல்லை. இடுப்பு உயரம்... லேசாக. மார்பு உயரம்... பலமாக. ஓரடி நகர்ந்தேன். இல்லவே இல்லை. திரும்பி வந்தேன். இருந்தது. வாடை அறை முழுக்கப் பரவும். இது பரவவில்லை.

ஒரே இடத்தில் நின்றது. தொட்டிலுக்குப் பக்கத்தில்.

பையிலிருந்து வெப்பமானியை எடுத்தேன். அறை 23 டிகிரி. அதன் நுனியைத் தொட்டில் பக்கம் நீட்டினேன்.

30...

34...

36.8.

அங்கே யாருமில்லை. வெறும் காற்று.

குழந்தை விழித்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அந்தக் காற்றைப் பார்த்துச் சிரித்தது.

பிறகு அதன் பார்வை மெல்ல நகர்ந்தது...

என் பக்கமாக.

என் கன்னத்தில் சூடாக ஒரு மூச்சு.

2.58. ஹாலில் நின்றிருந்தேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

"என்ன, வாடை இருக்கா?" என்றார் கணவர்.

மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். உள்ளே ஓர் ஆள் நிற்கிறது என்று சொன்னால் என்னையும் பைத்தியம் என்பார்கள். பதினாறு வருடப் பெயர் போய்விடும். எங்கள் சர்வீஸ் அட்டையில் ஒரு வரி உண்டு. 'இயந்திரத்தில் வாடை: உண்டு / இல்லை.' நான் 'உண்டு' என்பதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யில்லை. இயந்திரத்தில் வாடை இல்லை.

"நீங்க மோந்தீங்க" என்றாள் அவள்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா."

"நான் மெஷினைக் கேக்கலண்ணா."

அட்டையைக் கணவரிடம் நீட்டினேன். கணவர் அந்த அட்டையை அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். "போதுமா?"

3.20. கீழே வண்டியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவளைக் காரில் ஏற்றினார்கள். அவள் அழவில்லை. காலிக் கைகளை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது.

பதினொரு நாள் கழித்துப் போன் வந்தது. மதியம் 2.45. கணவர். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"குழந்தை பாட்டிலைத் தொடவே மாட்டேங்குது."

"எத்தனை நாளா சார்?"

"அவ போன நாள்லேர்ந்து. ஒரு சொட்டு உள்ள போகல. பசிக்கு அழவும் இல்ல. இன்னிக்கு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். எடை போட்டாரு. நானூறு கிராம் கூடியிருக்கு. தாய்ப்பால் நல்லா ஒத்துக்குது, நிறுத்திடாதீங்கன்னாரு."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க சார்."

"நேத்து கூட்டிட்டு வந்தேன். குழந்தை அவகிட்ட போகல. நீலம் பாரிக்க அழுதுச்சு. தொட்டில்ல போட்டதும் அடங்கிடுச்சு. அவ திரும்பிப் போயிட்டா. அவளுக்குப் பால் வத்திப்போச்சாம். அன்னிக்குக் கார் தெருமுனை திரும்பறதுக்குள்ளயே."

"குழந்தைகூட இப்ப யாரு இருக்கா? அக்காவா?"

"அக்கா நாலாம் நாளே கிளம்பிட்டா. உள்ள யாருமில்ல. நான் ரூம் வாசப்படியில நிக்கறேன். நீங்களே கேளுங்க."

போனைக் கதவிடுக்கில் நீட்டினார் போல.

சப்பும் சத்தம். விழுங்கும் சத்தம்.

நின்றது.

தட்... தட்... தட்...

முதுகில் தட்டிக் கொடுப்பார்களே, அந்தச் சத்தம்.

பிறகு குழந்தை ஏப்பம் விட்டது.