சிவப்பு டப்பாவும் ஜெசிந்தாவின் உள்ளங்கையும்

ஜெசிந்தா இடது உள்ளங்கையில் ரசக்கலவையை வைத்து, வலது கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பிசைந்துகொண்டிருந்தாள். பாதரசத்தையும் வெள்ளித்தூளையும் கல்வத்தில் அரைத்தாகிவிட்டது. இனிக் கையில் பிசைய வேண்டும். நசுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் பதம். அதை ஆட்டுத்தோல் துண்டில் முறுக்கி, மிஞ்சிய பாதரசத்தைப் பிழிந்துவிட்டு நீட்டினால், டாக்டர் சொத்தைப் பல்லின் குழியில் வைத்து அடைப்பார். சித்திரை மாதத்து மத்தியானம், கச்சேரி ரோட்டில் ஒரு மாடி அறை. கலவையோடு வியர்வையும் சேர்ந்து பிசைபட்டது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி பிசைந்தாள்.

அந்தக் கை பிறவியிலேயே வாய்த்த தொல்லை. குளிரிலும் வியர்வை ஊறும். சாந்தோம் குப்பத்தில் அம்மாவோடு மீன் விற்கப் போனாள். எடுத்துக் காட்டுகிற மீனெல்லாம் வழுக்கி மண்ணில் விழுந்தது. கன்னியாஸ்திரீகளிடம் லேஸ் பின்னப் போனாள். வெள்ளை நூல் இரண்டே நாளில் பழுப்பேறியது. எழுதப் படிக்கக் கற்றதுதான் அங்கே மிச்சம். புருஷன் காலராவில் போனபின், பல் டாக்டர் கோதண்டபாணியிடம் வேலைக்குச் சேர்ந்தபோது கையைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. இந்த வேலையும் கையால் போனால் வேறு போக்கிடம் கிடையாது.

அந்த 1934ஆம் வருஷம் டாக்டர் ஒரு பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தார். சீமையிலிருந்து வரும் வெள்ளித்தூள் நீல டப்பாவில் இருக்கும். பட்டணத்திலேயே ஒருவர் செய்து பாதி விலைக்குக் கொடுத்தது சிவப்பு டப்பா. இரண்டும் ஒரே தரம்தானா என்று பார்த்து வைத்தியர் சங்கத்தில் கட்டுரை படிக்க வேண்டும். முதலில் தாமே பிசைந்து சின்னக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்துவைத்தார். இரண்டும் உப்பவில்லை, சுருங்கவில்லை. பிறகு மனிதர் வாயில். டப்பா மாறிவிடக் கூடாதென்று ஓர் ஒழுங்கு செய்தார்: காலையில் வருகிறவர்களுக்கு நீலம், மத்தியானம் இலவசமாகப் பார்க்கும் கூட்டத்துக்குச் சிவப்பு. காலையில் ஆள் குறைவு, அவரே பிசைவார். மத்தியானம் மாடிப்படியெல்லாம் ஆள் நிற்கும், ஜெசிந்தா பிசைவாள். யார் பிசைந்தால் என்ன என்றுதான் இருவரும் இருந்தார்கள்.

அன்று ஜட்கா ஓட்டும் பக்கிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இன்னா ஜெசிந்தா, பல்ல அடச்சியா, பட்டாசு வெச்சியா? விண்ணு விண்ணுனு தெறிச்சிக்கினு கீது."

"வாயத் தொற. உன் குதிர கூட இவ்ளோ கத்தாது."

"அதுக்கும் நீ அடச்சிருந்தா அதுவும் கத்தும்."

டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். பத்து நாளுக்கு முன்னால் அடைத்தது குழியை விட்டு மேலே உப்பி நின்றது. அந்த வாரத்தில் அவன் ஏழாவது ஆள்.

"சிவப்பு சரிப்படாதும்மா. அப்படியே எழுதிடறேன்" என்றார் டாக்டர். "நீலத்தை வாங்கி இலவசமா அடைக்க எனக்குக் கட்டாது. மத்தியானக் கூட்டத்துக்கு இனிமே பிடுங்கறதுதான்."

"இன்னாது, புடுங்கறதா? முன்னாடியே நாலு பூட்ச்சி நைனா. மீதியும் போனா சீட்டி எப்பிடி அடிக்கறது, குதிர எப்பிடி நவுரும்?"

கிராம்புத் தைலம் தொட்டுவைத்து, மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். அவன் சீட்டில் டாக்டர், 'பிடுங்க வேண்டும்' என்று எழுதினார்.

சாயங்காலம், சிவப்பு டப்பாவால் அடைத்து மறுபடி வந்து காட்டியவர்களின் சீட்டுகளைப் பிரிக்கும் வேலை ஜெசிந்தாவுடையது. கெட்டுப்போனவை பத்தொன்பது. நன்றாக இருந்தவை ஐந்தே ஐந்து. ஐந்திலும் ஒரே தேதி, மார்ச் பதினாறு. அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவள் வேலைக்கு வரவில்லை. மத்தியானக் கூட்டத்துக்கும் டாக்டரே பிசைந்திருக்கிறார்.

மேல்சீட்டின் ஓரத்தில் அவள் விரல் ஈரம் வட்டமாக ஊறியிருந்தது. ஐந்தையும் மற்றவற்றோடு கலந்து கட்டிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. வேலை நிற்கும். பக்கிரியின் பல் போகும், அவனுக்குப் பின்னால் படியில் நிற்கிறவர்களின் பல்லும் போகும். கட்டுக்கயிற்றைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, டாக்டரின் மேஜையிலிருந்த மைஒற்றுத் தாளில் உள்ளங்கையை அழுத்தி, அதை அவர் முன்னால் நகர்த்தினாள். ஐந்து விரலும் ரேகையும் ஈரமாகப் பதிந்திருந்தன.

"என்ன இது?"

"என் கைங்க ஐயா. எப்பவும் இப்பிடித்தான். இந்த அஞ்சு பேர் வந்த அன்னிக்கி நான் இல்ல. நீங்கதான் பெசஞ்சீங்க. என் வேர்வ கலக்கறதாலதான் உப்புதோ என்னமோ."

டாக்டர் தேதிகளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"சேரும்போது ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா சேத்திருப்பீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "காலைக்கு நான், மத்தியானத்துக்கு நீன்னு பிரிச்சது யாரு? நான்தானே" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடு" என்றார். வேலைக்கா, கணக்கை முடித்துக்கொள்ளவா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் படியேறினாள். மேஜையில் இரண்டு டப்பாவும் நாலு கண்ணாடிக் குழாயும் இருந்தன. பக்கத்தில், எச்சில் படாமல் பல்லைச் சுற்றிக் கட்டுகிற ரப்பர் துண்டு, உள்ளங்கை அளவுக்கு வெட்டியிருந்தது.

"முதல்ல வெறுங்கையால" என்றார் டாக்டர். பயத்தில் அவள் கை வழக்கத்தைவிட ஊறியிருந்தது. அன்றைக்கு அதுதான் வேண்டியிருந்தது. நீலம் ஒரு முறை, சிவப்பு ஒரு முறை. பிறகு ரப்பரைக் கையில் விரித்து மறுபடியும் அதே இரண்டும். விளிம்போடு சமமாக அடைத்து, "எது உப்புதுன்னு பத்து நாள்ல தெரிஞ்சுடும்" என்று பென்சிலை அவளிடமே கொடுத்தார். முதல் குழாயில், 'நீலம். ஜெசிந்தா, வெறுங்கை' என்று எழுதி ஒட்டினாள்.

எட்டு மணிக்குப் பக்கிரி வந்தான். டாக்டர் உப்பிய அடைப்பைக் குடைந்தெடுத்துவிட்டு, குழியில் மருந்துப் பஞ்சு வைத்தார். ஜெசிந்தா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவன் சீட்டை எடுத்தாள். 'பிடுங்க வேண்டும்' என்பதை அடித்துவிட்டு, 'பத்து நாள் பொறுத்து அடைக்க வேண்டும்' என்று எழுதினாள்.