தீவின் நடுவே விட்ட இடம்

பழைய வரைபடங்களில் எங்கள் மலை கிடையாது. கப்பலில் வந்த போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் கரையோரத்தைப் பார்த்துப் படம் போட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத இடத்தில் நாலு குன்றும் ஒரு யானையும் போட்டு நிரப்பிவிட்டார்கள். கொடைக்கானலில் உட்கார்ந்துகொண்டு, கொடைக்கானல் இல்லாத அந்தப் படங்களைக் கையால் வரைந்து விற்பதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. சந்தையில் கேரட் விற்கிற அக்கா ஒருத்தி, "வெள்ளக்காரன் வழி தெரியாமப் போட்ட படத்த நீங்க கண்ணாடி போட்டு விக்கிறீங்களாக்கும்" என்றாள். எங்கள் தொழிலை அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

நான் மட்டும் செய்கிற வேலையில்லை, என் மதினிக்கும் பங்குண்டு. கடைகளுக்கு போர்டு எழுதிப் பழகிய கை என்பதால் கோடும் எழுத்தும் என்னுடையவை. அந்த மொழிகள் எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தையும் படம் மாதிரியே பார்த்துப் பார்த்து இழுப்பேன். வர்ணம் மதினியுடையது. கடலுக்கு இளநீலம், கரைக்கு மஞ்சள், குன்றுக்குப் பச்சை. ஒவ்வொரு குன்றாகத்தான் போடுவார்.

அதற்கும் முன்னால் தாளைப் பழசாக்க வேண்டும். தேயிலையைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, அதில் தாளை முக்கிக் காயப்போட்டால் பழுப்பேறிவிடும். அந்தச் சோலியையும் மதினி யாரிடமும் விடமாட்டார். "தேத்தண்ணி ஆறிருச்சா பாருங்க தம்பி" என்பார். இங்கே வந்து எத்தனையோ காலமாகியும் அந்தச் சொல் மாறவில்லை. பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்.

சிறு பிள்ளையாக இருக்கும்போது அம்மாவோடு கப்பலேறி வந்தவர். அப்பாவுக்கு மட்டும் இந்தியா வருவதற்கான காகிதம் வந்து சேரவில்லை. தோட்டத்து ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு, நீங்கள் முன்னால் போங்கள், பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்று சொன்னாராம். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு அங்கே கலவரம், தோட்டமும் கைமாறிவிட்டது. தேடிப் போய்வந்தவர்கள் சொன்னது ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒருவர் இருக்கிறார் என்றார், இன்னொருவர் எப்போதோ போய்விட்டார் என்றார். மதினியின் அம்மா நம்பியது முதல் ஆளைத்தான். கடைசிவரை நெற்றிப்பொட்டை அழிக்கவில்லை. பூவும் பொட்டுமாகத்தான் அவரை அடக்கம் செய்தோம்.

இந்த வருஷம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. பத்திரிகையில் இரு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயரும் போட வேண்டுமே. காலமானவர் என்றால் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' வரும். மதினியின் அப்பாவுக்கு அதைப் போடுவதா, வேண்டாமா? அச்சகத்துக்காரர் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். தாண்டிக்குடிப் பக்கம் ஜீப் ஓட்டுகிற அண்ணன், போகும்போதும் வரும்போதும் கேட்டார். மதினி நாளைக்குச் சொல்கிறேன் என்பார். அந்த நாளை வரவேயில்லை. நெருக்கவும் அண்ணனுக்கு மனசில்லை. இருக்கிற மனுஷனுக்கு அதைப் போட்டாலும் பாவம், போன மனுஷனுக்குப் போடாமல் விட்டாலும் சம்பந்தி வீட்டார் கேட்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ரிசார்ட்டுக்குக் கொடுத்த படம் திரும்பி வந்தது. நம் தெற்குக் கரையும் பக்கத்தில் இலங்கையும் இருக்கிற பெரிய படம். மேனேஜர் அதைத் துணியில் சுற்றி அவரே எடுத்து வந்தார்.

"சார், ஒர்க் ரொம்ப நல்லாருக்கு. ஓனர் ஒரிஜினல் பிரிண்ட்ட வச்சு செக் பண்ணாரு. சிலோன்ல ஒரு இடத்துல மட்டும் கலர் விட்டுப்போச்சு. சின்ன டச்சப்தான்."

பார்த்தேன். தீவின் நடுவே அடுக்கடுக்காகப் பச்சைக் குன்றுகள். அவற்றில் ஒரே ஒரு குன்று மட்டும் வர்ணமில்லாமல், வெறும் தேயிலைக் கறையாக இருந்தது. கைத்தவறு என்றுதான் நினைத்தேன். அவர் போன பிறகு, விற்காமல் அடுக்கில் கிடந்த மற்ற படங்களை எடுத்துப் பார்த்தேன். இலங்கை வருகிற ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் ஒரு குன்று வெறுமையாக இருந்தது. ஒரே மேசையில் இத்தனை காலம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். என் கண் எழுத்தை விட்டு நகர்ந்ததில்லை.

படத்தை மதினிக்கு முன்னால் விரித்துவைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மறந்து விடல தம்பி. எங்கப்பா அந்த மலையிலதான் நின்னாரு. மேல வர்ணம் பூசிட்டா அவரையும் சேத்து மூடுன மாதிரி ஆயிரும்னு விட்டு வச்சேன்."

அப்படியானால் நான் போட்டுவிடுகிறேன், நீங்கள் போய்க் கொஞ்சம் படுங்கள் என்றேன். தலையசைத்து மறுத்தார்.

"நீங்க எழுத்துதான். வர்ணம் நானு."

ஆனாலும் தூரிகையை எடுக்கவில்லை. ஏரிப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்து ஜன்னலை அடைத்துவிட்டது. நான் விளக்கைப் போட்டேன். மதினி படத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"அம்மாவப் பொட்டோட அனுப்பி வச்சோம். இப்ப அவரு பேருக்கு முன்னால தெய்வத்திருன்னு போட்டா, அந்தப் பொட்டு என்ன ஆகுறது? அதத்தான் நெனச்சுக்கிட்டே கெடக்கேன்."

படத்தை விளக்கு வெளிச்சத்துக்கு நகர்த்திவைத்தேன்.

மதினி குன்றுகளின் மேல் விரலை ஓட்டினார். "இதப் போட்டவனும் உள்ள போயிப் பாத்தவன் இல்லைல்ல தம்பி?"

கப்பலில் இருந்தே போட்டதுதான் என்றேன்.

"பாக்காமலே மலைன்னு போட்டிருக்கான். வெறும் எடமா விட அவனுக்கும் மனசு வரல போல."

பிறகு கிண்ணத்தில் பச்சையைக் கரைத்தார். குன்றின் அடியிலிருந்து மேலே, மற்ற குன்றுகளுக்குப் போடுகிற மாதிரியே, அவசரமில்லாமல் போட்டு முடித்தார். தூரிகையைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, "அம்மாவோட பொட்டு அம்மாவோட போயிருச்சு. அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அண்ணன் வந்ததும் வாசலிலேயே சொல்லிவிட்டார், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் தெய்வத்திரு போட்டுருங்க என்று. அண்ணன் காலணியைக் கழற்றாமலே அச்சகத்துக்குத் திரும்பினார்.

படத்தை எடுத்துப்போக வந்த மேனேஜர், எந்த இடமென்றே தெரியவில்லை என்று பாராட்டினார். எனக்குத் தெரிந்தது. பிந்திப் போட்ட பச்சை எப்போதும் ஒரு பிடி அடர்த்தியாகத்தான் காயும்.

பத்திரிகை வந்தது. மூலைகளில் மஞ்சள் தடவிய மதினி, அப்பா பேர் இருந்த வரியில் விரல் படாமல் பார்த்துக்கொண்டார். முதல் பத்திரிகையை அம்மா படத்துக்கு முன்னால் வைத்தார். அடுத்து வந்த வேலையிலும் இலங்கை இருந்தது. குன்றுகள் எல்லாவற்றையும் நிரப்பினார். அடுக்கில் கிடக்கிற பழைய படங்களை மட்டும் பச்சை போட அவர் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.