வளையல் உடையாத பாதை

பதுளைக் கடைத்தெருவில் வாஹித் என்று கேட்டால் எந்த வாஹித் என்பார்கள். சைக்கிள் வளையல்காரர் என்றால் உடனே கையைக் காட்டுவார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த ஒடுக்கமான வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. அதில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. வாரத்தில் பாதி நாள் அவர் ஏதாவது ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்து, கொழுந்து பறித்துக் காய்ப்பேறிய கைகளைப் பிடித்துவிட்டுக் கொண்டிருப்பார். அந்தக் கைகளுக்கு வளையல் ஏற்றுவது எளிதல்ல. பெருவிரலை உள்ளே மடக்கி, முட்டி எலும்பை மெல்ல அமுக்கி, தேங்காய் எண்ணெய் தடவிய கண்ணாடி வளையலை ஒரே மூச்சில் தள்ள வேண்டும். கை வலித்தது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

ஊரைச் சுற்றியுள்ள பாதைகளுக்கு அவரிடம் தனியாக ஒரு கணக்கு இருந்தது. ஹாலிஎலைப் பாதையில் மாட்டுவண்டிகள் ஓயாமல் போவதால் கல் அமுங்கிக் கிடக்கும். நிரம்பிய சட்டியைக்கூடச் சிந்தாமல் கொண்டுபோகலாம். தெமோதரைப் பக்கம் பாதை நல்லது, பலகைப் பாலங்கள் மட்டும் ஆகாது; இறங்கித் தள்ள வேண்டும். பசறைக்கு ஏற்றம் முழுவதும் தள்ளுவது, மறுபக்க இறக்கத்தில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவது. லுணுகலைப் பாதையில் புதுச் சல்லி கொட்டியிருந்தால் மழை பெய்து அது படியும்வரை அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது. மடுல்சீமைப் பாதை மண்பாதை. வெயிலில் மெத்தை, மழையில் வழுக்குமரம்.

முன்பெல்லாம் அவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே போனவர். நாற்பது வயதைத் தொட்டபோது குதிகாலில் ஒரு வலி பிடித்துக்கொண்டது. எந்தத் தைலத்துக்கும் அது கேட்கவில்லை. தூரத் தோட்டங்களை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் தோட்டத்துச் சின்னத்துரை ஒருவர் விற்றுவிட்டுப்போன சைக்கிள் அவர் கைக்கு வந்தது. 1912ஆம் ஆண்டு அது. சமதரையில் ஏறி மிதிப்பார். ஏற்றத்தில் அதன்மேல் சாய்ந்துகொண்டு தள்ளுவார். குதிகால் பிழைத்தது, தொழிலும் பிழைத்தது என்று எண்ணினார்.

அப்படி எண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை. லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் வளைகாப்பு நடந்தது. கர்ப்பிணிப் பெண்ணின் கையில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டு வளையல்கள் அடுத்தடுத்துப் படீரென்று போய்விட்டன. பெண்கள் முகத்தில் ஈயாடவில்லை. வளைகாப்பில் வளையல் உடைந்தால் அது சாதாரண உடைசல் அல்ல. வாஹித் வேறு வளையல்களை எடுத்துக் காரியத்தை முடித்துவிட்டாலும், செய்தி அவருக்கு முன்னால் மலையேறிவிட்டது.

மடுல்சீமையில் ரெங்கம்மா அந்தச் செய்தியோடு அவருக்காகக் காத்திருந்தாள். அவள் கங்காணியின் மனைவி. எந்த வியாபாரியை லயத்துக்குள் விடுவது என்பதில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவளுடைய மருமகள் ஜெயலெட்சுமிக்கு அப்போது ஏழாம் மாதம். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல, வாஹிதை அவளும் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, வர்ற ஞாயித்துக்கெழம வளகாப்பு. பச்ச வளையல் நீங்கதான் கொண்டு வரணும். ஆனா அந்த ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்கிற வண்டியில கொண்டு வராதீங்க."

"நடக்க முடியலியே, ரெங்கம்மா அக்கா. குதிகால் வலி."

"அப்படின்னா ஒண்ணு சொல்றேன். சைக்கிள்லயே வாங்க. எம் மருமக கையில ஒண்ணு உடைஞ்சாலும், இந்த மலையில எந்தப் பொம்பளையும் உங்ககிட்ட கைய நீட்ட மாட்டா. அப்புறம் நானா கோவிச்சுக்கக் கூடாது."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொன்னதைச் செய்துவிடுவாள் என்பது வாஹிதுக்குத் தெரியும். மடுல்சீமை போனால் லுணுகலையும் போகும். பிறகு பதுளை முன்னறையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

தவறு எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. வளையல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: இறுக்கிக் கட்டிய வளையல் உடையாது, ஆடுகிற வளையல்தான் உடையும். தோள்பெட்டியில் அப்படித்தான் கட்டுவார். சைக்கிளில் ஆட்டம் கூடுதலாயிற்றே என்று இன்னும் இறுக்கிக் கட்டினார். பெட்டியையும் இரும்புச் சட்டத்தோடு அசையாமல் பிணைத்தார். வழியில் ஒன்றும் உடையவில்லை. சக்கரத்தில் பட்ட அடி நேரே கண்ணாடிக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத கீறல் மட்டும் விழுந்தது. கையில் ஏற்றி அமுக்கும்போது அந்தக் கீறல் வாய் திறந்தது.

வைக்கோல் வைத்துத் தளர்த்திக் கட்டிப் பார்த்தார். ஹாலிஎலைக்குப் போய் வருவதற்குள் வைக்கோல் ஒரு பக்கம் ஒதுங்கி, வளையல்கள் ஒன்றோடொன்று மோதிப் பொடியாகிவிட்டன. வியாழக்கிழமை மத்தியானம் அந்தத் துண்டுகளை அவர் முற்றத்தில் கொட்டியபோது, மனைவி ஸவாஹிரா உரலில் அரிசி இடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் போச்சா?" என்றாள்.

"போச்சு. தெருவுல இருக்கிற கல்லெல்லாம் என்னயத்தான் தேடி வருது."

"கல்ல ஏன் ஏசுறீங்க? நான் காலையிலேருந்து இடிக்கிறேன். எங்கையில இருக்கிறதும் நீங்க கொண்டுவந்த வளையல்தான். ஒண்ணாவது உடைஞ்சிச்சா?"

வாஹித் அவள் கையைப் பார்த்தார். உலக்கை விழும்போதெல்லாம் வளையல்கள் முழங்கைவரை ஏறி மணிக்கட்டுக்கு இறங்கின. ஒன்றும் ஆகவில்லை.

"இன்னும் ரெண்டு இடி இடி" என்றார்.

"எடுபிடிக்கு ஆள் வெச்சிருக்கீங்களோ? வேணுமின்னா நீங்க இடிச்சுப் பாருங்க."

அவர் உலக்கையை வாங்கவில்லை. தம்முடைய தலைப்பாகைத் துணியை எடுத்துவந்தார். அதை ஒரு கைப் பருமனுக்கு உருட்டி, ஒவ்வொரு வளையலாக அதன்மேல் ஏற்றினார். இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. கையில் கிடப்பதுபோலக் கிடந்தன. நுனிகளை முடிந்து மாலையாக்கி, முதுகுப் பக்கம் வெறுந்துணியே வரும்படி, பூணூல் போலத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக மாட்டிக்கொண்டார். மறுதோளிலும் ஒன்று. பிறகு முற்றத்தில் நின்று குதித்தார். அடுத்த வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். ஸவாஹிரா உரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வளையல்கள் கலகலத்தன. ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிப் பார்த்தார். கீறல் விழுந்த வளையல் செத்த ஓசை கொடுக்கும். எல்லாம் கணீரென்றன.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அவர் பசறை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டிருந்தார். தாடிக்குக் கீழே மார்பு முழுக்கப் பச்சை. எதிரே தேயிலைப் பெட்டி வண்டியோடு வந்த நல்லையா மாட்டை நிறுத்திவிட்டான்.

"என்ன நானா, உங்களுக்கா வளைகாப்பு? எத்தனை மாசம்?"

"எட்டு. வண்டிய ஓரமா விடு, புள்ளத்தாச்சிக்கு வழி விடணும்."

"மசக்கைக்குப் புளி வேணுமா?"

"உன் மூஞ்சியப் பாத்ததே போதும், புளிச்சுப் போச்சு."

பசறை இறக்கத்தில் மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் இருக்கையைவிட்டு எழுந்து, முழங்காலை வளைத்து நின்றுகொண்டார். அடி முழங்காலில் விழுந்தது, மார்புக்கு வரவில்லை. இந்த வழக்கத்தை அவர் பிறகு கடைசிவரை விடவில்லை.

மடுல்சீமைப் பாதையில் முதல்நாள் மழை பெய்திருந்தது. தோட்டத்து எல்லைக்கு முன்னால் ஒரு வளைவு, ஓரத்தில் ஆழமான வண்டித்தடம். முன்சக்கரம் தடத்துக்குள் இறங்கிவிட்டது. சைக்கிளைக் காப்பதா, வளையலைக் காப்பதா என்று யோசிக்க நேரமில்லை. சைக்கிளைத் தேயிலைச் செடிக்குள் உதறிவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, முதுகு அடிபட மல்லாக்க விழுந்தார். கொஞ்ச நேரம் அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு படுத்தபடியே வளையல்களைத் தடவிப் பார்த்தார்.

லயத்து வாசலில் கோலம் போட்டு, ஜெயலெட்சுமியை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். சைக்கிளின் கைப்பிடி ஒரு பக்கம் திரும்பியிருக்க, முதுகெல்லாம் சேறோடு வந்தவரைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரெங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஆளு உடைஞ்சிருக்காப்புல இருக்கே, நானா. வளையல் எப்படி?"

"சுண்டிப் பாருங்க அக்கா. நான் தொட மாட்டேன்."

அவள் சும்மா விடுகிறவள் அல்ல. மாலையை வாங்கி, வளையல்களை உருவி, ஒவ்வொன்றையும் காதருகே வைத்துச் சுண்டினாள். வாஹித் கை கழுவுகிற சாக்கில் தண்ணீர் விழும் பீலிப் பக்கம் திரும்பி நின்றார். அந்த ஓசைகளை நேரே நின்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. கணீர், கணீர் என்று வந்துகொண்டேயிருந்தது. முடிவில், "வந்து போடுங்க" என்றாள்.

வேப்பிலைக் காப்பு முதலில் ஏறியது. பிறகு பச்சை வளையல். ஜெயலெட்சுமியின் கை பயத்தில் விறைத்திருந்தது. "கைய என்கிட்ட குடுத்துட்டு, கண்ண உங்க மாமி மேல வைம்மா. அவங்கதான் பயந்துபோய் இருக்காங்க" என்றார். பெண் சிரித்துவிட்டாள். கை இளகியது. அந்த ஒரு நொடியில் வளையல் முட்டியைத் தாண்டியது. அடுத்தது, அதற்கடுத்தது. இரண்டு கையும் நிரம்பியபோது பெண்கள் குலவையிட்டார்கள்.

ஜெயலெட்சுமி எழுந்து கையை உதறிப் பார்த்தாள். கலகலவென்ற ஓசையைத் தவிர வேறொன்றும் விழவில்லை. மாமியின் முகத்துக்கு நேரே இன்னொரு தடவை வேண்டுமென்றே உதறினாள்.

மிச்சமிருந்த மாலையைச் சுற்றிப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு கையை நீட்டினார்கள். ரெங்கம்மா அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்து, தன் கையை முதலில் நீட்டினாள்.

"மொதல்ல எனக்கு. அப்புறம் அடுத்த மாசம் கீழ்லயத்துல ஒரு வளகாப்பு இருக்கு, சிவப்பும் கொண்டாங்க. சைக்கிள்லயே வாங்க நானா. நடந்து வந்தீங்கன்னா அந்தப் புள்ள பெத்தே முடிச்சிரும்."