அறுந்த பிறகு கொண்டா

எழுபதுகளில் தூத்துக்குடியிலிருந்து தீவுக் கலங்கரை விளக்கத்துக்கு ஹெலிகாப்டரில் சாமான் போகும். அடியில் தொங்கும் கொக்கியில் சுமையை மாட்டிவிடுவது என் வேலை. அதற்குக் கம்பிக்கயிறு கொடுப்பவர் ஸ்டோர்க்காரர். நெற்றி நிறையத் திருநீறு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. புதுக் கயிறுகளுக்குத் தினமும் கிரீஸ் தடவிச் சுவரில் தொங்கவிடுவார். கொடுக்க மட்டும் மனம் வராது.

ஒருநாள் இழை பிரிந்த கயிற்றைக் காட்டினேன். “ஜெனரேட்டர் போவுது அண்ணாச்சி, புதுசு தாங்க.”

“இன்னும் அறுவலயேலே! அறுந்த பொறவு கொண்டா, தாரேன்.”

அதிகாரி அவசரப்படுத்த, அதையே மாட்டினோம். நடுக்கடலில் கயிறு அறுந்து ஜெனரேட்டர் விழுந்தது. கீழே மீன்பிடி வள்ளத்தில் இருந்தவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். ஹெலிகாப்டர் கொண்டுவந்த மிச்சக் கயிற்றை அவர் மேசையில் வீசினேன்.

அவர் நிதானமாக அளந்து பார்த்தார். “பாதிதானலே இருக்கு. மீதி எங்கன?”

“கடல்ல கெடக்கு! ஆள் செத்திருப்பான், தெரியுமா?”

அவர் அளவு நாடாவைச் சுருட்டி வைத்தார். “முத்துக் குளிக்கவன் எவனாவது எறங்கி எடுப்பானா?”

அந்த மனிதர் சிரிக்கவில்லை. நிஜமாகவே என் பதிலுக்குக் காத்திருந்தார். பின்னால் சுவரில் புதுக் கயிறுகள் பளபளத்துக்கொண்டிருந்தன.