பண்ணையார் கையில் தேள்

மருந்து கலக்கும் கம்பவுண்டருக்கு எந்த ஊரிலும் மரியாதை உண்டு. ரத்தம் கேட்கும் கம்பவுண்டரைக் கண்டால் நாற்காலி மிஞ்சும், ஆள் மிஞ்ச மாட்டான். யுத்த காலத்தில் தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில், பட்டாளத்துக்கு அனுப்ப ரத்தம் சேர்க்கும் அந்த உத்தியோகம் எனக்கு. கொடுக்க மனசில்லாதவர்களிடம் கேட்டே காலம் தள்ளிய அன்பர்களே, என் பாடு உங்களுக்குத் தெரியாததா?

வாய் வீரம்

ஆய்க்குடிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் யுத்த நிதிக் கூட்டத்தில், கடைசிச் சொட்டு ரத்தத்தையும் கொடுப்பேன் என்று முழங்கினார். மறுநாளே போய் நின்றேன். கடைசிச் சொட்டு வேண்டாம் அண்ணாச்சி, முதல் பாட்டில் போதும் என்றேன். மனுஷனுக்கு வேர்த்துவிட்டது.

"பேசுனது வாய்தானவே? நீரு வந்து கையைக் கேக்கீரு!"

குற்றாலத்து வழி

எங்கள் டாக்டர் கண்டிப்பானவர். புதிதாகப் பச்சை குத்திய ஆளிடம் ரத்தம் எடுக்கமாட்டார். ஊரையே குத்தின ஊசி, எவன் காமாலை எவனுக்கு வருமோ, ஆறு மாசம் கழித்து வா என்பார். இதை நான் சும்மா இராமல் பண்ணையாரிடம் உளறித் தொலைத்தேன்.

அப்போது சாரல் சீசன். அருவிக்குப் போகும் வழியில் சின்னி என்ற குறத்தி பச்சை குத்திக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் பண்ணையாரும் அவர் தம்பிமார் மூவரும் கையில் ஆளுக்கொரு தேளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முகத்தில்தான் என்ன வருத்தம்!

"குடுக்கணும்னு ஆசைதான் கம்பவுண்டரே, உங்க டாக்டர் விட மாட்டேங்காரே!"

இப்பவே அழி

பத்தாம் நாள் பண்ணையாரின் சம்சாரத்தை வில்வண்டியில் கொண்டுவந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது; தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைக்கமாட்டாள் என்றார் டாக்டர். பண்ணையார் ஓடிவந்து கையை நீட்டினார். தேள் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. தம்பிமார் கைகளும் அதே லட்சணம். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

பண்ணையார் விம்மி விம்மி அழுதார். உளறியவன் நான்தானே! என் கையை நீட்டினேன்; சோதித்ததில் என் ரத்தம் அந்த அம்மாளுக்குச் சேரவில்லை. அதற்குள் தம்பி ஒருவர் குற்றாலத்துக்கு வண்டியை விரட்டிப்போய்ச் சின்னியைக் கூட்டிவந்தார். பண்ணையார் அவளிடம், "ஏட்டி, இதை இப்பவே அழி!" என்று கத்தினார்.

"அழியாதுன்னு சொல்லித்தானே சாமி குத்தினேன்?"

சின்னியின் கை

டாக்டரின் பார்வை சின்னியின் கைமேல் விழுந்தது. முழங்கை வரை பச்சை, எல்லாம் சின்ன வயசில் குத்தியது. ஒரு துளி எடுத்துச் சோதித்தார். சேர்ந்தது. சாதி ஞாபகம் வந்ததோ என்னவோ, பண்ணையார் ஒரு நிமிஷம் தயங்கினார். உள்ளே சம்சாரம் முனகியது கேட்டதும், "எடுங்க சாமி" என்று டாக்டரைக் கும்பிட்டார். சின்னி முகம் சுளிக்காமல் கையை நீட்டினாள்.

சாயங்காலம் அந்த அம்மாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பண்ணையாரோ சின்னியை ஓரமாக அழைத்து, யார் ரத்தம் என்று ஊருக்குள் மூச்சு விடாதே என்று கெஞ்சினார்.

"நான் எதுக்குச் சாமி சொல்லுதேன்? ஒங்க வீட்டோட ரத்த சம்பந்தம் வச்சேன்னு தெரிஞ்சா, எங்க ஆளுக என்னையத் தள்ளி வச்சிருவாகளே!"

யுத்தம் முடிந்து எத்தனையோ கூட்டங்களில் பண்ணையார் பேசிக் கேட்டேன், எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், ரத்தம் என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.