மாமா திருப்பிக் கொடுத்த ஸ்கோப்புகள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த இலையுதிர் காலத்தில் என் மாமா மூன்று ஸ்கோப் வாங்கினார். மூன்றையும் திருப்பிக் கொடுத்தார். ஸ்கோப் என்றால் வேட்டைத் துவக்கின் மேல் பூட்டுகிற சின்னத் தொலைநோக்கி. அதற்குள் பார்த்தால் இரண்டு மெல்லிய கோடுகள் சிலுவை மாதிரி குறுக்கே போகும். தூரத்தில் நிற்கும் மான் அந்தச் சிலுவையின் நடுவில் வந்து நிற்கும். பிள்ளைகள் வாசிக்கிற இடத்தில் துவக்கைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். இந்தக் கதையில் ஒரு வெடியும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. பிறம்ரனில் ஒரு கம்பனிக்குப் பெரிய லொறி ஓட்டினார். கலியாணம் கட்டவில்லை. ரெக்ஸ்டேலில் ஒரு வீட்டின் பேஸ்மென்ரில் தனியாக இருந்தார். நாங்கள் ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஆறாம் தட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சனி ஞாயிறும் வேலை. ஆகவே சனிக்கிழமை என்றால் எனக்கு மாமாதான்.

மாமாவோடு லொறி ஓட்டுகிறவர்கள் வருடத்தில் ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், நவம்பரில், வடக்கே காட்டுக்கு மான் வேட்டைக்குப் போவார்கள். மாமாவும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, மூன்று வருடமாக அவர்களோடு போய்க்கொண்டிருந்தார். துவக்கு அவருடைய அறையில் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இருந்தது. அது எங்கள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். துவக்கு வேண்டாம் என்ற அம்மா மான் இறைச்சியை ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஸ்கோப் மட்டும் தனியாக வரலாம் என்று முடிவாகியிருந்தது.

பழைய ஸ்கோப் விழுந்து உடைந்துபோனதால் மாமா புதிது தேடினார். நல்ல ஸ்கோப்பை எப்படித் தெரிந்தெடுப்பது என்று காரில் போகும்போது எனக்குப் பாடம் நடத்துவார். எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்று பார்த்து ஏமாறக் கூடாதாம். மான் வெளியே வருவது விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும்தான். அந்த அரை வெளிச்சத்தில் எது துலக்கமாகக் காட்டுகிறதோ அதுதான் நல்லதாம். கடை, நகரத்தின் மேற்கு ஓரத்தில், டயர்க் கடை ஒன்றுக்கு எதிரே இருந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அதை நடத்தினார். மாமா ஒவ்வொரு ஸ்கோப்பாக எடுத்து, இடக்கண்ணை இறுக்கி மூடி, கண்ணாடிக் கதவுக்கூடாக டயர்க் கடையின் பலகையைப் பார்ப்பார். பிறகு எனக்குத் தருவார். எனக்கு எல்லாமே அதிசயமாக இருக்கும்.

திரும்பும் வழியில் டோனட் வாங்குவோம். மாமாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. மருந்துக் குளிசையை லொறிக்குள் மறந்துவிட்டேன் என்று எப்போதும் சொல்வார். அவரும் ஒரு டோனட் தின்றார் என்பதை அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நான் மிக ஒழுங்காகச் செய்தேன்.

முதலாவது ஸ்கோப்பை மாமா ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து எங்கள் ஃபிறீசருக்குள் வைத்தார். குளிருக்குள் இருந்து சூட்டுக்கு வரும்போது நல்ல ஸ்கோப்பின் வெளியில் மட்டும் பனிமூட்டம் மாதிரிப் புகார் படியும். துடைத்தால் போய்விடும். உள்ளே படிந்தால் அது உதவாது. அதுதான் பரீட்சை. அம்மா மீன் எடுக்கப் போய் அதைக் கண்டுபிடித்தார்.

"தம்பி, உதென்ன என்ர விளைமீனுக்குப் பக்கத்தில படுத்திருக்கு?"

"ஒரு இரவுக்குத்தான் அக்கா. கொஞ்சம் இடம் குடுங்கோ. பிறகு உங்களுக்கு இறைச்சி கொண்டுவரும்."

சனிக்கிழமை காலையில் எடுத்துத் துடைத்துவிட்டு ஜன்னலால் பார்த்தார். உள்ளுக்கு ஏதோ மங்கலாகக் கிடக்கு என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். எதிரே கடைகள் வரிசையாக இருந்த பிளாசாவின் கூரையில் இருந்த புறா சொண்டால் செட்டையைக் கோதுவது தெரிந்தது. உனக்கு எப்படி என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் மறுபடியும் கடைக்குப் போனோம்.

இரண்டாவது ஸ்கோப் அதைவிட மோசம் என்றார். மூன்றாவதை ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு, இதற்குள்ளும் சிலந்தி வலை மாதிரி ஏதோ மிதக்கிறது என்றார். எனக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஆனால் ஸ்கோப்பில் பிழை வர வர எனக்குச் சனிக்கிழமைகள் கூடிக்கொண்டு போயின. மனதுக்குள் அந்தக் கண்ணாடி செய்கிறவர்களுக்கு நன்றி சொன்னேன்.

மூன்றாவதைக் கொண்டுபோன அன்று கடைக்காரக் கிழவர் அதைத் தானே வாங்கி நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை என்றார். மற்றக் கண்ணால் ஒருக்கால் பார் என்று மாமாவிடம் சொன்னார். நான் சுடுவது வலக்கண்ணால், எனக்கு ஏன் மற்றக் கண் என்று மாமா கேட்டார். கிழவர் கோபிக்கவில்லை. மேசைக்குக் கீழிருந்து எழுத்துகள் வரி வரியாக அச்சடித்த அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மேல் வரி பெரிது, கீழே போகப் போகச் சிறிது. இதை நூறு அடி தள்ளி வைத்து, நீயும் பார், இன்னொருவரையும் பார்க்கச் சொல், இரண்டு பேருக்கும் மங்கல் என்றால் நான் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுக்கிறேன், உனக்கு மட்டும் மங்கல் என்றால் கண் டொக்டரிடம் போ என்றார்.

காரில் திரும்பும்போது மாமா டோனட் கடையையும் தாண்டிப் போய்விட்டார்.

"தன்ர சாமானில பிழை. அதைக் கொண்டுவந்து என்ர கண்ணில போடுறான் கிழவன்" என்றார் கடைசியில். பிறகு, எனக்கா தனக்கா என்று தெரியாத ஒரு குரலில், "கண்ணில குறை எண்டு டொக்டர் எழுதினால் லொறி லைசென்ஸ் போயிடும்" என்றார்.

அன்று பொழுதுபடும் நேரம் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், மின்சாரக் கோபுரங்கள் வரிசையாகப் போகிற புல்வெளிக்குப் போனோம். வேலியில் அட்டையை நான்தான் செலோடேப்பால் ஒட்டினேன். மாமா நூறு அடி எண்ணி நடந்து, அங்கே ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் அம்மாவின் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து, அதன்மேல் ஸ்கோப்பை ஆடாமல் கிடத்தினார். நாயோடு நடக்க வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுச் சற்று விலகிப் போனார்கள்.

மாமா முழங்காலில் நின்று பார்த்தார். முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். இரண்டாம் வரியையும் வாசித்தார். மூன்றாம் வரியில் இரண்டு எழுத்துச் சொல்லிவிட்டு நின்றார். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தார். திரும்பவும் அந்த இடத்திலேயே நின்றார்.

"இப்ப நீ பார் மருமகன். பொய் சொல்லக் கூடாது. உனக்குக் கடைசி வரி தெரிஞ்சால் நான் திங்கட்கிழமை டொக்டரிட்டப் போறன்."

நான் பார்த்தேன். ஐந்து வரியும் தெரிந்தன. கடைசி வரியில் எழுத்துகள் எறும்பு அளவில், ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. நான் ஒட்டிய செலோடேப்பின் சுருக்கம்கூடத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு எழுதாத சட்டங்கள் இரண்டு இருந்தன. பெரியவர் ஒன்று சொன்னால் இல்லை என்று சொல்லக் கூடாது. வெளியாட்களுக்கு முன்னால் எங்கள் ஆட்களை விட்டுக்கொடுக்கக் கூடாது. அன்று வேலிக்கு அந்தப் பக்கம் அந்தக் கிழவர் நிற்பதுபோலவே எனக்கு இருந்தது. மாமா தோற்றால் லொறியும் போய்விடும். சனிக்கிழமைகளும் முடிந்துவிடும். இதையெல்லாம் அடுக்கடுக்காக நான் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதல் வரியை வாசித்தேன். இரண்டாம் வரியை வாசித்தேன். மூன்றாம் வரியில் மாமா நின்ற எழுத்தில் நானும் நின்றேன்.

"அங்கால தெரியேல்லை மாமா. புகாரா இருக்கு."

மாமா கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். பெரிய சத்தமான சிரிப்பு. என் தலையைப் பிடித்து ஆட்டினார். அரிசிப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் கிழவரைப் பற்றிப் பகிடி சொல்லிக்கொண்டு, பிளாசாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் எனக்கு இரண்டு மட்டன் றோல்ஸ் வாங்கித் தந்தார். என்மேல் அவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

கிழவர் சொன்ன சொல் தவறவில்லை. ஸ்கோப்பைத் திருப்பி எடுத்தார். அட்டை வேண்டாம், நீயே வைத்திரு என்றார். அந்த வருடம் மாமா ஸ்கோப் இல்லாமலே காட்டுக்குப் போனார். வெறுங்கையோடு வந்தார். மான் ஒன்றும் இந்தப் பக்கம் வரவில்லை என்றார். அம்மா நம்பினார்.

தை மாதம் ஒருநாள், பிறம்ரனில் லொறியை வலப்பக்கம் திருப்பும்போது, கம்பனியின் இரும்புக் கேற்றை இடித்துவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை. கேற் நின்றது தெரியவில்லை என்று மாமா சொன்னார். அதன் பிறகுதான் அவரைக் கண் டொக்டரிடம் அனுப்பினார்கள்.

சீனி வருத்தத்தால் வலக்கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதின் குறையையும் சேர்த்துச் சுமந்துவிடும், மனிதருக்குத் தெரியாது. ஸ்கோப்பில் மட்டும்தான் மாமாவின் வலக்கண் தனியாகப் பார்த்தது. அது சொன்னதை அவர் கண்ணாடியின் குற்றம் என்று நினைத்தார். இடக்கண்ணை டொக்டர்மார் காப்பாற்றினார்கள். வலக்கண்ணை முடியவில்லை. அம்மா தொலைபேசியில் அன்ரி ஒருவருக்குச் சொல்லி அழுதது எனக்குக் கேட்டது. பனிக்கு முதல் வந்திருந்தால் லேசர் பிடித்து நிற்பாட்டியிருக்கலாமாம்.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். பனிக்கு முதல் என்றால் எப்போது என்று எனக்குத் தெரியும்.

சில கிழமைக்குப் பிறகு மாமா வந்து எங்கள் ஹோலில் இருந்தார். கண்ணில் கட்டு இருந்தது. லொறி லைசென்ஸ் போய்விட்டது. ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிற வேலைக்குக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும் நான் மாமாவின் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, அண்டைக்கு எனக்கு எல்லா வரியும் தெரிஞ்சது."

மாமா என்னைப் பார்க்கத் தலையை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. நான் அவருடைய வலப்பக்கம் நின்றுவிட்டேன். குசினிக்குள் கேத்தல் கொதிக்கத் தொடங்கி, கொதித்து, நின்றது.

"எனக்கு அது அண்டைக்கே தெரியும்டா" என்றார். "நீ மூண்டாம் வரியில நிக்கேக்கையே விளங்கிட்டுது. நான்தான் டொக்டரிட்டப் போகப் பஞ்சிப்பட்டு நாளைக் கடத்தினனான். உன்னில என்ன பிழை? அம்மாட்டச் சொல்லிக்கொண்டு நிக்காதை. போய் விளையாடு."

நான் அதை அப்படியே நம்பினேன். தெரிந்திருந்தால் ஒரு மனிதர் அன்று புல்வெளியில் அப்படிச் சிரித்திருப்பாரா என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. பிறகு வளர்ந்து, யோசிக்கத் தெரிந்து, கேட்பதற்கு எத்தனையோ சனிக்கிழமைகள் கிடைத்தன. கேட்கவில்லை. போன மாரிக்காலத்தோடு கேட்பதற்கு ஆளும் இல்லை.

மாமா அப்படிச் சொன்ன அன்று நெஞ்சில் இருந்த பாரம் அவ்வளவும் இறங்கிவிட்டது. சப்பாத்தைக் காலில் கொளுவிக்கொண்டு வெளியே ஓடினேன். லிஃப்ற் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல், படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டி, பாட்டுப் பாடிக்கொண்டு ஆறு தட்டும் இறங்கிப் போனேன்.